மூலப் பொறியும் மறுபடைப்புப் பொறியும்

தமிழாசிரியன் ஒருவன் வீடியோ விளையாட்டைப் பற்றி விழாமலரில் எழுதப் புகுந்தமை சிலர்க்கு நகை விளைக்கக்கூடும். மலர்க் குழுவினர் என்னிடம் எதிர்பார்த்தது குறுந்தொகை பற்றியோ கந்தபுராண படனம் பற்றியோ ஒரு கட்டுரை. ஆயினும் சென்ற விடுமுறையில் நிகழ்ந்த ஒன்று என் எண்ணத்தை வேறு வழியில் திருப்பிவிட்டது.

ரொறன்ரோவிலே வாழும் நம் பழைய மாணவர் ஒருவர் ஊருக்கு வந்தபோது, தம் மருமகனுக்குக் கைக்கடக்கமான பெட்டியொன்று கொணர்ந்து கொடுத்தார். அம்மருமகன் என் வகுப்பு மாணவன். ஒருநாள் இடைவேளையில் அவன் என் மேசையருகே வந்து நின்று, "ஐயா, நான் சுப்பர் மரியோவை 5 நிமிடம் 20 செக்கனிலை முடிச்சிட்டன். ஆனா இந்தப் பெட்டி உண்மையான நின்ரெண்டோ இல்லையாம். இதைக் கணக்கிலை எடுப்பினமோ தெரியேல்லை" என்றான். விளையாட்டைப் பற்றி யான் ஒன்றும் அறியேன். ஆனால் அவன் கேட்ட வினா எனக்குப் பழகிய வினா. மூலம் ஒன்று, அதன் பிரதி ஒன்று. பிரதியைக் கொண்டு செய்தது மூலத்தைக் கொண்டு செய்ததற்கு ஒப்பாகுமா? ஏட்டுச் சுவடிகளையும் அவற்றின் அச்சுப் பதிப்புகளையும் ஒப்புநோக்கக் கற்ற எவர்க்கும் இவ்வினா புதிதன்று. ஆகவே சில மாதங்கள் அப்பையனையே ஆசானாகக் கொண்டு இவ்விடயத்தை ஆராய்ந்தேன். கண்டவற்றை ஈண்டுத் தருகின்றேன்.

ஒரு வீடியோ விளையாட்டைத் தொடக்கம் முதல் இறுதி வரை இயன்ற அளவு குறுகிய நேரத்தில் முடிக்கும் போட்டிக்கு 'ஸ்பீட்றன்' என்று பெயர். விரைவோட்டம் எனத் தமிழிற் கூறலாம். 1993ஆம் ஆண்டு வெளிவந்த 'டூம்' என்னும் விளையாட்டு, ஆடுபவரின் ஆட்டத்தைப் பதிவுசெய்து பிறர்க்கு அனுப்பும் வசதியைத் தந்தது. 1996இல் 'குவேக்' வந்தது. அதனை 19 நிமிடம் 49 செக்கனில் முடித்த தொகுப்பொன்று 1997இல் உலகெங்கும் பரவியது. 2010 தொடக்கம் அமெரிக்காவிலே இவ்விரைவோட்டக்காரர் ஒன்றுகூடிப் பல நாள் இரவு பகலாக விளையாடி, அதனைப் பார்ப்போரிடம் நிதி திரட்டி, புற்றுநோய்த் தடுப்பு நிறுவனத்துக்கும் எல்லைகளற்ற மருத்துவர் அமைப்புக்கும் வழங்கி வருகின்றனர். இன்று ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு குழு உண்டு. அக்குழுவே விதி வகுக்கும். அனுப்பப்பட்ட ஒளிப்பதிவைப் பார்த்து ஏற்கும் அல்லது தள்ளும். ஒலிம்பிக் சங்கம் போன்ற ஒரு தலைமைப் பீடம் இதற்கு இல்லை. மறுபடைப்புப் பொறியை ஏற்கலாமா என்ற வழக்கில் ஒரு குழு ஏற்பதும், ஒரு குழு மறுப்பதும், இன்னொரு குழு தனிப் பட்டியலில் இடுவதும் இதனாலேயே.

இங்கே எத்துணைச் சிறு நேரத்துக்காக மக்கள் மல்லுக்கட்டுகின்றனர் என்பதை அறிந்தாலன்றி வழக்கின் கூர்மை விளங்காது. என் மாணவன் ஆடிய 'சுப்பர் மரியோ பிரதர்ஸ்' 1985இல் வெளிவந்தது. அதனை 4 நிமிடம் 57 செக்கனுக்குள் முடிக்க முடியும் என்பது 2016இல் நிறுவப்பட்டது. 4 நிமிடம் 55 செக்கனுக்குள் முதலில் ஒருவர் முடித்தது 2021இல். இரண்டு செக்கனைக் குறைக்க நான்கு ஆண்டுகளுக்கு மேல் சென்றன! அப்பொறி திரையில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 60 படங்களை வரைகின்றது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு முறை ஆட்டம் முன்னேறுகின்றது. மேலும், ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டம் தொடங்குவது 21 படங்களுக்கு ஒரு முறையே நிகழும். விரைவோட்டக்காரர் தாமே இதற்கு ஓர் உவமை கூறுகின்றனர்: 21 படங்களுக்கு ஒரு பஸ் புறப்படுகின்றது, நீர் சற்று முந்தி வந்தாலும் அந்த பஸ்ஸுக்காகவே காத்திருத்தல் வேண்டும், சற்றுப் பிந்தினால் அடுத்த பஸ். நம்மூர் பஸ் நிலையத்தில் நின்றவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. இவ்விரு பஸ்களுக்கும் இடைப்பட்ட நேரம் 0.35 செக்கன். சாதனை படைப்பதும் இழப்பதும் இந்த அளவினுள்ளேயே.

இனிப் பொறிகளைப் பார்ப்போம். மூலப் பொறி என்பது நின்ரெண்டோ நிறுவனம் யப்பானில் 1983இல் 'பமிகொம்' என்ற பெயரால் வெளியிட்டதும், 1985இல் அமெரிக்காவில் வேறு தோற்றத்துடன் விற்கத் தொடங்கியதுமான பெட்டியாகும். யப்பானிலும் இதன் உற்பத்தி 2003இல் நின்றுவிட்டது. இனி ஒன்றுதானும் புதிதாகப் பிறக்கப்போவதில்லை. உள்ளவையும் மூப்படைகின்றன, கொள்ளளவிகள் கசிகின்றன, கசெற்றைச் செருகும் வாய் தளர்கின்றது. சேகரிப்போர் ஒருபுறம் விலையை ஏற்றுகின்றனர். இஃது ஏட்டுச் சுவடியின் கதையேயன்றி வேறென்ன? கறையானுக்கும் நெருப்புக்கும் தப்பிய ஏடுகளைச் சி. வை. தாமோதரம்பிள்ளை தேடித் தேடிப் பதிப்பித்திராவிடின், கலித்தொகையை நாம் இவ்வளவு எளிதாகக் கையிலேந்தி இருப்போமா?

பிரதி செய்ய இரு வழிகள் உள. முதல் வழி, பழைய பொறி செய்யும் வேலையை ஒரு சாதாரணக் கணனியில் மென்பொருளால் நடித்துக் காட்டுவது. இதனை எமியுலேற்றர் என்பர். பழைய பொறியிலே நடு மூளையும், படம் வரையும் பகுதியும், ஒலி எழுப்பும் பகுதியும் ஒரே வேளையில் தத்தம் தொழிலைச் செய்தன. கணனி மென்பொருளோ பெரும்பாலும் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துவிட்டு, எல்லாம் ஒருங்கே நடந்ததாகக் காட்டுகின்றது. நாடகத்தில் ஒரே நடிகன் மூன்று வேடங்களுக்கும் விரைந்து விரைந்து உடை மாற்றுவது போன்றது. கணனி விரைவானது ஆதலின் பார்ப்போர்க்குத் தெரியாது. ஆனால் பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் அது தெரிவதற்கும் இடையே சில படங்கள் தாமதம் நேரலாம். ஒரு படம் 16.6 மில்லிசெக்கன். மூன்று படம் என்றால் 50 மில்லிசெக்கன். தேர்ந்த கை அதனை உணரும்.

இரண்டாம் வழியே நமது வழக்கின் பொருள். எவ்.பி.ஜி.ஏ. எனப்படும் ஒரு வகைச் சிப் உண்டு. சைலிங்ஸ் நிறுவனம் 1985இல் முதன்முதலாக விற்பனைக்கு விட்டது. சாதாரணச் சிப்பிலே தருக்கப் படலைகள் ஆலையிலேயே நிலையாக இணைக்கப்பட்டுவிடும். இச்சிப்பிலோ படலைகள் பல்லாயிரம் இருக்கும், ஆனால் இணைப்பு முடிவாகியிராது. ஒரு கோப்பினைப் புகுத்தினால் அக்கோப்புக் கூறியவாறு அவை இணைந்துகொள்ளும். பமிகொம்மின் சுற்று எவ்வாறு அமைந்திருந்ததோ அவ்வாறு இணையுமாறு கோப்பெழுதினால், அச்சிப் ஒரு பமிகொம் ஆகின்றது. வேறு கோப்பைப் புகுத்தினால் வேறு பொறியாகின்றது. நடு மூளை ஒருபுறமும் படம் வரையும் பகுதி மறுபுறமும் மெய்யாகவே ஒரே வேளையில் இயங்குகின்றன. மூன்று வேடத்துக்கும் மூன்று நடிகர் வந்துவிட்டனர் என்க. அனலொக் என்னும் நிறுவனம் 2018இல் 'சுப்பர் என்.ரீ.' என்ற பொறியையும் 2021இல் 'பொக்கெற்' என்ற கைப்பொறியையும் இம்முறையிற் செய்து விற்றது. ஆர்வலர் பலர் ஊதியமின்றி உழைத்து வளர்க்கும் 'மிஸ்ரர்' என்ற திட்டம் 2017 முதல் உள்ளது. மாணவர் பயிற்சிக்கென விற்கப்படும் டி.ஈ.10 நனோ என்ற பலகையின் மீது அது இயங்குகின்றது. என் மாணவனுக்குக் கிடைத்த பெட்டி இவ்வகையினது.

விளம்பரம் எழுதுவோர் இதனைக் குறித்து, 'இஃது எமியுலேற்றர் அன்று, வன்பொருளே. ஆகவே பிழைக்கு இடமில்லை' என்று எழுதுகின்றனர். இக்கூற்றை யான் ஏற்கமாட்டேன். இச்சிப்புக்குக் கோப்பெழுதியவர் ஒரு மனிதர். மூலச் சிப் எவ்வாறு இயங்குகின்றது என்று அவர் விளங்கிக்கொண்டாரோ அதனையே எழுதியிருப்பார். விளங்கியது தவறானால் கோப்பும் தவறே. செப்பமாகப் பதிப்பித்த நூலிலும் பாடபேதம் இருப்பது போல, செப்பமாகச் செய்த மறுபடைப்பிலும் வேறுபாடு இருக்கும். மெத்தத் திருத்தமாக எழுதப்பட்ட ஓர் எமியுலேற்றர், அரைகுறையாக எழுதப்பட்ட எவ்.பி.ஜி.ஏ. கோப்பினும் மூலத்தை நெருங்கி நிற்கலாம். எந்தப் பொருளாற் செய்தது என்பதைவிட, மூலத்தோடு எத்துணை ஒத்துளது என்பதே வினவற்பாலது.

மறுப்போர் கூறும் நியாயங்களில் மூன்று வலியன.

முதலாவது வேகம். பமிகொம் ஒரு செக்கனுக்குச் சரியாக 60 படம் வரைவதில்லை, 60.0988 படம் வரைகின்றது. பழைய குழாய்த் தொலைக்காட்சி இதனைப் பொருட்படுத்தாது. இன்றைய தட்டைத் தொலைக்காட்சி சில 60ஐயே விரும்பும். அதற்கு இசைந்து மறுபடைப்புப் பொறியின் மீடிறனைச் சற்றே குறைத்து 60 ஆக்கும் ஏற்பாடும் உண்டு. வேறுபாடு ஆயிரத்தில் இரண்டு பங்குதானும் இல்லை. ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு மணி நேர ஆட்டத்தில் ஏறத்தாழ 6 செக்கன் பிந்தும். ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைந்த நமது மரியோ ஆட்டத்தில் அரைச் செக்கனுக்குச் சற்றுக் குறைவு. அதாவது ஒரு பஸ்ஸுக்கும் மேல். இங்கே மறுபடைப்புப் பொறி ஆடுபவனுக்கு இழப்பையே தருகின்றது. ஆயினும் நேர்மாறாக விரைவுபடுத்தலும் அதே எளிமையுடன் இயலும் என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது, மூலத்தின் குற்றங்கள். விரைவோட்டக்காரர் பலர் பொறியின் பிழைகளையே படிக்கல்லாகக் கொண்டு ஏறுபவர். பமிகொம்மிலே பதிவுசெய்த ஒலித்துண்டை வாசிக்கும் பகுதி, சிலவேளை கைப்பொறியிலிருந்து வரும் செய்தியைக் குழப்பிவிடும். அழுத்தாத பொத்தான் அழுத்தப்பட்டதாகப் பொறி எண்ணும். இது வடிவமைத்தவரின் தவறு. மறுபடைப்பாளர் இத்தவற்றையும் அப்படியே பிரதிசெய்தல் வேண்டும். ஏடெழுதியவன் விட்ட பிழையைத் திருத்தாது அச்சிடும் பதிப்பாசிரியனைப் போல. இதிலும் விந்தையானது 'டிராகன் குவெஸ்ற் 3' என்னும் 1988ஆம் ஆண்டு விளையாட்டின் கதை. யப்பானிய விரைவோட்டக்காரர் சிலர் பமிகொம்மை மின்சாரச் சூட்டுத் தட்டின்மீது வைத்துச் சூடாக்கி ஆடுகின்றனர்! நகைக்க வேண்டாம். மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் இட்டபோது நினைவகத்திலே எஞ்சி நிற்கும் எண்கள் எவை என்பது சிப்பின் வெப்பநிலையையும் பொறுத்தது. வேண்டிய எண்கள் நின்றால் விளையாட்டின் முடிவுக்கே தாவிச் செல்ல வழியுண்டு. எவ்.பி.ஜி.ஏ. பெட்டியை எவ்வளவு சூடாக்கினும் அவ்விளைவு வராது, பெட்டிதான் கெடும். அதன் நினைவகம் வேறு சாதி.

மூன்றாவது, நம்பிக்கை. கோப்பினால் உருவாகும் பொறியின் கோப்பைச் சிறிது மாற்றினால் பொறியும் மாறும். வெளியே பெட்டி ஒன்றே. உள்ளே நிகழ்வது எவர்க்குத் தெரியும்? இவ்வச்சத்துக்குப் பின்னே ஒரு நீண்ட கசப்பு உண்டு. 1981இல் வந்த 'டொங்கி கொங்' என்ற விளையாட்டில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் பெற்றதாகப் பதிவுபெற்றவர் அமெரிக்கரான பில்லி மிச்சல். அவர் தந்த ஒளிநாடாக்களிற் காணப்படும் ஆட்டம் மாற்றப்படாத மூலப் பொறியில் நிகழ்ந்ததன்று என முடிவு செய்து, 2018 ஏப்பிரலில் 'ருவின் கலக்சீஸ்' என்னும் பதிவு நிறுவனம் அவர் புள்ளிகளை நீக்கியது. அவர் அதனை மறுத்து வழக்காடினார். கின்னஸ் நிறுவனமும் 2018இல் நீக்கி, 2020இல் மீண்டும் சேர்த்துக்கொண்டது. 2024 சனவரியில் வழக்கு இணக்கமாக முடிந்தது. புள்ளிகள் பழைய வரலாற்றுப் பதிவேட்டில் இடம்பெற்றன. எவர் பக்கம் நியாயம் என்று கூறுவது நம் வேலையன்று. ஆனால் ஐயம் எங்கிருந்து எழுந்தது என்பது கவனிக்கத்தக்கது. ஒரு கட்டம் முடிந்து மறு கட்டம் திரையில் வரையப்படும் அந்தக் கணத்தில், இரும்புச் சட்டங்கள் எந்த ஒழுங்கிலே தோன்றுகின்றன என்பதை எமியுலேற்றரோடு ஒப்பிட்டே வினா எழுப்பினர். கையெழுத்தை வைத்து ஏடெழுதியவனை இனங்காணும் புலமையோடு இதனை ஒப்பிடலாம்.

இத்துணையும் கேட்டபின், மூலப் பொறி ஒன்றையே ஏற்பது நன்று என்று தோன்றலாம். எனக்கும் சில வாரங்கள் அவ்வாறே தோன்றியது. அப்போது என் எண்ணத்தை அசைத்தது மூலப் பொறியைப் பற்றிய ஒரு செய்தி. மூலம் என்பது ஒன்றன்று என்பதே அது. நின்ரெண்டோவின் அடுத்த பொறியான சுப்பர் நின்ரெண்டோவிலே ஒலிப் பகுதி, நடு மூளையின் பளிங்கு மணிக்கூட்டைச் சாராது, விலை மலிந்த ஒரு மட்பாண்டப் பரிவியைக் கொண்டு தன் நேரத்தைத் தானே அளக்கின்றது. அது செக்கனுக்கு 32,000 முறை ஒலிக்கூறு தரவேண்டும் என்பது வடிவமைப்பு. எமியுலேற்றர் எழுதுவோர் மெய்ப்பொறிகளை அளந்து 32,040 எனக் கொண்டனர். 2025இல் பொறி வைத்திருப்போர் பலர் தத்தம் பெட்டியை அளந்து அனுப்பியபோது சராசரி அதற்கும் மேலே நின்றது, பெட்டிக்குப் பெட்டி வேறுபட்டது, சூடேறினாலும் மாறியது. சில விளையாட்டுகளில் நடு மூளை ஒலிப் பகுதியின் மறுமொழிக்காகக் காத்து நிற்கும் ஆதலின், இவ்வேறுபாடு ஆட்ட நேரத்தையும் ஒரு துளி தொடக்கூடும். அங்ஙனமாயின் எந்தப் பெட்டி மூலம்? உம்முடையதா, என்னுடையதா?

அன்றியும், நின்ரெண்டோ நிறுவனமே விடுத்த பொறிகளுள் எது விரைவானது எனத் தேடி வாங்குதல் விரைவோட்டக்காரர் வழக்கம். 2003இல் சீனாவுக்கென வெளிவந்த 'ஐகியூ' என்ற பொறியிலே 'ஒக்கரினா ஒவ் ரைம்' என்ற விளையாட்டுத் தடங்கல் குறைவாக ஓடும் என்பதனால், சீனம் அறியாதவரும் அதனை வாங்கிச் சீன எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே ஆடினர். இது விதிக்கு உட்பட்டது. இதனை ஏற்பவர், மூலத்தை நுணுகி நுணுகிப் பின்பற்றும் மறுபடைப்பைத் தள்ளுவது எவ்வாறு பொருந்தும்?

நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு செய்தியும் இங்கே உண்டு. 1990களின் முற்பகுதியில் குடாநாட்டில் மின்சாரமே இல்லை. யான் இவ்விளையாட்டை முதலிற் கண்டது வெள்ளவத்தையில் உறவினர் வீட்டிலே. அதனை 'ரீவி கேம்' என்றனர். நூறு விளையாட்டு, ஆயிரம் விளையாட்டு என்று எழுதிய மஞ்சட் கசெற்றுகள் கிடந்தன. அவை யாவும் நின்ரெண்டோவின் பெட்டிகள் அல்ல. பமிகொம்மைப் பார்த்துப் பிறர் செய்த மலிவுப் போலிகள் என்பதை இந்த ஆண்டுதான் அறிந்தேன். அன்றியும் நம் தொலைக்காட்சி முறை செக்கனுக்கு 50 படம் காட்டுவது. அதற்கேற்பச் செய்த போலிகளில் மரியோ ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடுவான். உருசியாவில் 1992 முதல் 'டென்டி' என்ற பெயரில் விற்ற பொறியும் இவ்வினத்ததே. மூலப் பொறி மட்டும் என்ற விதி, அப்பொறியை நின்ரெண்டோ என்றுமே விற்காத நாடுகளின் பிள்ளைகளை வாயிலிலேயே நிறுத்திவிடும். அமெரிக்கச் சிறுவனுக்குத் தந்தையின் பழைய பெட்டி பரணில் இருக்கும். நம் பையனுக்கு அதைக் கடல் கடந்து வருவித்து, அதற்கேற்ற மின்மாற்றியும் குழாய்த் தொலைக்காட்சியும் தேடிக் கொடுப்பவர் யார்? விளையாட்டிலே திறமையை அளக்க வேண்டுமேயன்றி, பரணை அளத்தல் தகாது.

ஆயின் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது? யான் கருதுவது இது. பெயரைப் பாராது பொறியைச் சோதித்தல் வேண்டும். சோதனைக்கும் ஒரு வழி உளது. எந்தப் படத்தில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை முன்கூட்டியே ஒரு பட்டியலாக எழுதி, அதனை மனிதக் கையின்றிக் கருவியால் மூலப் பொறிக்கு ஊட்டும் கலை இன்று வளர்ந்துள்ளது. 2014இல் 'ராஸ்பொட்' என்ற இயந்திரம் மேடையிலேயே இதனைச் செய்து காட்டியது. ஒரே ஒரு படம் பிசகினாலும் மரியோ பள்ளத்தில் விழுவான். பின்வருவன எல்லாம் சிதறும். மூலப் பொறியில் இறுதி வரை பிசகாது ஓடிய பட்டியலை மறுபடைப்புப் பொறிக்கும் ஊட்டிப் பார்க்கலாமன்றோ? பல பட்டியல்கள் ஓடி முடிந்தால், அவ்விளையாட்டைப் பொறுத்தமட்டில் அப்பொறியை நம்புவதற்கு வலிய காரணம் உண்டு. அவ்விளையாட்டைப் பொறுத்தமட்டில் என்பதை வற்புறுத்துகின்றேன். மரியோவுக்குத் தேறிய கோப்பு டிராகன் குவெஸ்றுக்குத் தேறியதாகாது. சூட்டுத் தட்டு வேண்டிய ஓட்டத்துக்கு மூலப் பெட்டியே வேண்டும். எந்தக் கோப்பு, எந்த நாளிற் செய்தது என்பதை ஆடுபவன் பதிவிலே குறித்தல் வேண்டும். கோப்புத் திருத்தப்பட்டால் சோதனையும் மீள வேண்டும். படவேகத்தை 60க்கு இழுக்கும் ஏற்பாட்டை நிறுத்தி ஆடவேண்டும். உலக முதன்மைக்கு அருகில் வரும் ஓட்டமாயின், பெட்டியும் கையும் தெரிய ஒளிப்பதிவு கேட்பதில் தவறில்லை. தடகளத்திலே கைக்கடிகாரத்தால் எடுத்த நேரத்தை நெடுங்காலம் ஏற்றிருந்து, 1977 முதல் 400 மீற்றர் வரையான ஓட்டங்களின் உலக சாதனைக்கு மின்னியக்க நேரமே வேண்டும் என்று விதித்தனர். ஊர்ப் போட்டியிலே கைக்கடிகாரம் போதும் என்பதை எவரும் குறை கூறவில்லை.

என் மாணவனிடம் இதனையெல்லாம் விரித்துக் கூறினேன். பொறுமையோடு கேட்டான். பின்னர்த் தன் பெட்டியின் கோப்பு நாளைக் குறித்துக்கொண்டு போனான். மறுவாரம் வந்து, "ஐயா, அந்த 60 எண்ட செற்றிங் இவ்வளவு நாளும் போட்டே கிடந்திருக்கு. நிப்பாட்டிப் போட்டு விளையாடினன். 5 நிமிடம் 14" என்றான். அரைச் செக்கன் பெட்டியினாலே வந்தது. மிகுதி ஐந்தரைச் செக்கன் அவனுடையது. எட்டாம் உலகில் இன்னும் இரண்டு பஸ்களைத் தவறவிடுகின்றானாம்.